மூன்று எஸ் எடுத்த சுவேதினி

பேசாலைப் பெரிய வீதியில் ஒரு கொமினிகேசன் கடை இருக்கிறது. அங்கே போட்டோக்கொப்பி எடுக்கலாம், போனுக்கு ரீலோட் போடலாம், கல்யாண அழைப்பிதழும் டைப் பண்ணலாம். வாசல் நிழலில் எப்போதும் இரண்டு மூன்று கழுதைகள் நிற்கும். அவற்றை விலத்திக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பிய எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தலைமன்னார் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற சாட்டில் ஒரு காலை அந்தக் கடைக்குள் போனேன்.

கணினிக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே, தென்கரையில் வரிசையாக நிற்கும் பெரிய காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கிறீங்கள்?"

"காத்தாடி எந்தப் பக்கம் முகத்தை வைச்சிருக்கு எண்டு பார்க்கிறன் அக்கா. காத்து மாற அதுவும் தானாத் திரும்பும். இண்டைக்கு மூண்டு திரும்பிட்டுது, மற்றதெல்லாம் இன்னும் யோசிக்குது."

"அது உங்களுக்கு எதுக்கு?"

"பைலட்டா வரப்போறன்."

மன்னாருக்குப் போய்வரப்போகிறேன் என்பதுபோலத்தான் அதைச் சொன்னாள். உடனே பலகைச் சுவருக்கு அப்பால், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மூண்டு எஸ் பைலட்! அக்கா, தெரியாத்தனமா அவளின்ட பிளேனுக்கு டிக்கட் எடுத்துப்போடாதேங்கோ!"

குரலுக்கு உரியவர் மில்ரன். அந்தத் தேத்தண்ணிக் கடையை நடத்துகிறவர். கணினிக்குப் பின்னால் இருந்த சுவேதினிக்கு 'மூண்டு எஸ்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

எங்கள் உயர்தரப் பரீட்சையில் ஏ, பி, சி என்று இறங்கி வந்தால் கடைசியில் நிற்பது எஸ். சாதாரண சித்தி, மட்டுமட்டான பாஸ். அதற்கும் கீழே எஃப், சித்தியில்லை. சுவேதினி முதல் தடவையில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் எஸ் எடுத்திருந்தாள். பெறுபேறு வருகிற நாளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பரீட்சைச் சுட்டெண்ணோடு சுவேதினி வேலை செய்யும் கொமினிகேசன் கடைக்குத்தான் ஓடி வருவார்கள். மற்றவர்களின் பெறுபேறுகளையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் தன்னுடையதைப் பார்த்தாளாம். அப்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர் மில்ரன்.

எஸ் எடுத்த பிள்ளை எப்படி விமானம் ஓட்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த நாளும் போனேன். பிறகு தினமும் போனேன்.

சுவேதினியின் வீடு கடற்கரைப் பக்கம். அப்பா யாகப்பர் கடலுக்குப் போகிறவர். அம்மா அருள்நாயகி கருவாடு போடுகிறவர். விமான ஆசை எங்கே தொடங்கியது என்று கேட்டேன். பள்ளிக்கூட நாட்களில் ஒரு வெள்ளம் வந்ததாம். அடம்பனில் அவளின் சித்தி வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். சித்தியோடு தங்கியிருந்த சுவேதினியும் அதில் அகப்பட்டுக்கொண்டாள். விமானப்படையின் ஹெலி ஒன்று வந்து, பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்த நோயாளி ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனது.

"தென்னை எல்லாம் வளைஞ்சு நிலத்தைத் தொடுற காத்து அக்கா. அதுக்குள்ள அது அசையாம ஒரு இடத்தில நிண்டது. எப்படி நிண்டது? அண்டையில இருந்து எனக்கு அந்த ஒரு கேள்விதான்."

அதே வெள்ளத்தில், பேசாலை வீட்டில் ஹெலிச் சத்தம் கேட்ட அருள்நாயகி அன்ரி கட்டிலுக்குக் கீழே போயிருந்தார். இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்டால் அவர் முற்றத்தில் நிற்கமாட்டார். மகளின் ஆசையைக் கேட்டபோது அவர் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்: "எங்களுக்குக் குண்டு போட்டவங்களிட்டயா போகப்போறாய்?"

"அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. இருக்கெண்டு பொய் சொல்ல விருப்பமும் இல்லை," என்றாள் சுவேதினி.

முதல் பெறுபேறு வந்ததும் அன்ரி நிம்மதியாகிவிட்டார். மூன்று எஸ்ஸுக்கு யார் விமானம் கொடுப்பான்? ஊரும் அப்படித்தான் நினைத்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு எஸ் போதாது, ஆகையால் எதற்குமே போதாது என்பது இங்கே எல்லோருடைய கணக்கு. விமானப்படையின் விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று எவரும் பார்க்கவில்லை. சுவேதினியும் பார்க்கவில்லை. நேரே செக்கண்ட் ஷைக்குப் படிக்கத் தொடங்கினாள். இரண்டாம் தடவை எழுதுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த முறை அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. விமானம் பறப்பது பௌதிகவியல். பாதையும் வேகமும் கணிதம். இரசாயனவியலுக்கு அங்கே என்ன வேலை? கெமிஸ்ரிக் கொப்பிகளைக் கட்டி மில்ரனின் கடைக்குக் கொடுத்தாள். ரோல்ஸும் வடையும் போடுகிற பைகளை அவர் பழைய கொப்பித் தாளில்தான் ஒட்டுவார். ஒரு வருடம் முழுக்க இரண்டு பாடத்தை மட்டும் படித்தாள். கெமிஸ்ரி வினாத்தாளில் கிட்டத்தட்டப் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தாள்.

கணிதத்தில் பி, பௌதிகவியலில் பி, இரசாயனவியலில் எஃப்.

வீட்டில் கேக் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: நல்லதை மட்டும்தான் வாயால் சொல்வோம். 'ரெண்டு பி' என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. எஃப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தப் பெறுபேற்றைத்தான் அவள் விமானப்படை அதிகாரி பயிலுநருக்கான விண்ணப்பத்தில் போட்டாள். விமானிப் பிரிவுக்கு வயதெல்லை இருக்கிறது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு அந்த வயது கடந்திருக்கும். இந்த முறை தவறினால் பிறகு இல்லை.

நான் அவளோடு பழகத் தொடங்கிய அந்த வாரத்திலேயே, முடிவுத் திகதிக்கு முன்பே, மின்னஞ்சலில் பதில் வந்தது. தகுதி இல்லை.

சுவேதினி அதை ஒரு தரம் வாசித்துவிட்டு, வந்திருந்த ஆளுக்கு அடையாள அட்டைக் கொப்பி எடுத்துக் கொடுத்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். விஷயம் எப்படியோ பலகைச் சுவரைத் தாண்டிவிட்டது. மில்ரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன பிள்ளை, ரெண்டு பிக்கும் இல்லையாமோ?"

"எஃப் இருக்காம் அண்ணை."

"அப்ப சரிதானே. ஏத்திறதுக்கு பி, ஓட்டுறதுக்கு பி, இறக்கிறதுக்கு எஃப். உன்ர பிளேனில ஆர் ஏறுவான்?"

எனக்குக் கோபம் வந்தது. அவளோ சிரித்தாள். சிரித்த வாய் மூடமுதல் ஏதோ யோசித்தாள். கணினிப் பக்கம் திரும்பி, இத்தனை நாளும் அவள் உட்பட யாரும் ஒழுங்காக வாசிக்காத அந்த விளம்பரத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். நானும் தோளுக்கு மேலால் பார்த்தேன். உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றுக்கும் திறமைச் சித்தி வேண்டும். அது அவளிடம் இருந்தது. உயர்தரத்தில் ஒரே தடவையில் மூன்று பாடங்கள் சித்தி.

"சித்தி எண்டுதான் போட்டிருக்கு அக்கா. என்ன சித்தி எண்டு போடேல்லை."

கீழே இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தாள். எடுத்தவர் சிங்களவர். ஆனாலும் அவளுக்காகத் தமிழில் கதைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேர், எனக்கு முதல் தரம் எழுதினதில மூண்டு எஸ் இருக்கு. அதைப் போடலாமோ?"

"மூணும் ஒரே ஷையா?"

"ஓம் சேர்."

"எஸ் பாஸ்தானே மிஸ். ஏன் அதைப் போடல்ல?"

சுவேதினி என்னைப் பார்த்தாள். நான் மில்ரனைப் பார்த்தேன். மில்ரன் கழுதையைப் பார்த்தார்.

முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. புதிதாக விண்ணப்பித்தாள். எஸ் அவளுக்கு வாசலை மட்டும்தான் திறக்கும், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பி எடுத்தவர்களும் ஏ எடுத்தவர்களும் அவளோடு நிற்பார்கள் என்று நான் சொன்னேன். "வாசல் திறந்தாக் காணும் அக்கா. உள்ளுக்குப் போய்த்தானே பார்க்கலாம்," என்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது அருள்நாயகி அன்ரி கருவாட்டுப் பாய் ஓரத்தில் குந்தியிருந்தார். "எஸ்ஸுக்கு எடுக்கமாட்டாங்கள் எண்டெல்லோ எல்லாரும் சொன்னீங்கள்?" என்று என்னிடம் கேட்டார், நான்தான் ஏமாற்றியதுபோல. அவருக்குக் காவலாக நின்றது அந்த மூன்று எஸ்தான். அதுவே இப்போது மறுபக்கம் போய்விட்டது. யாகப்பர் அங்கிள் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எடுத்தாப் பிறகு சண்டை பிடிப்பம். இப்ப பிள்ளைக்குச் சாரியைத் தோய்ச்சுக் குடு," என்றார். சாரியைத் தோய்த்து ஸ்திரி போட்டது மட்டுமில்லை, கொழும்பு ரெயிலில் மகளோடு ஏறியதும் அன்ரிதான். தனியாக அனுப்பப் பயம் என்றார். அந்த வாசலைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றும் இருந்திருக்கும்.

நேர்முகத்தில் நடந்ததைச் சுவேதினி திரும்பி வந்து கடையில் எனக்கு நடித்தே காட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, பிறகும் பரீட்சை எழுதினாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்றாள். என்ன வந்தது? இரண்டு பி, ஒரு எஃப். அப்படியென்றால் எது உன்னுடைய உண்மையான பெறுபேறு?

"திடீரெண்டு மில்ரன் அண்ணைதான் ஞாபகம் வந்தார். சேர், ரெண்டாந்தரம் நான் நல்லா ஏத்தினன், நல்லா ஓட்டினன், இறக்கேல்லை. முதல்தரம் ஒண்டும் திறமில்லை, ஆனா இறக்கினனான் எண்டு சொன்னன். உடைஞ்ச இங்கிலீசில."

"சிரிச்சாங்களோ?"

"ஒராள் சிரிச்சார். மற்றவர் ஏன் கெமிஸ்ரியை விட்டனீர் எண்டார். பிளேனுக்குத் தேவையில்லை எண்டு நினைச்சன் எண்டன். சரி, எரிபொருளில தண்ணி கலந்தா என்ன நடக்கும் எண்டு கேட்டார். அப்பாவின்ட எஞ்சினில கலந்தா, இருமி இருமி நிண்டிடும், பிறகு துடுப்புத்தான். அதைச் சொன்னன். மேல, குளிருக்குள்ள போனா? எண்டார். தெரியாது சேர் எண்டன். தெரியாது எண்டதை அவர் எழுதினார்."

"அதை ஏன் எழுதவேணும்?"

"அதைத்தான் நானும் வாற வழியெல்லாம் யோசிச்சன். நல்லதுக்கோ கெட்டதுக்கோ தெரியேல்லை."

உளச்சார்புப் பரீட்சை, கண், காது, உயரம், உட்கார்ந்தால் எத்தனை உயரம், கால் எத்தனை நீளம் என்று மேலும் பல கட்டங்கள் நடந்தன. என்னால் அந்த ஊரை விட்டுக் கிளம்பமுடியவில்லை. மறுபடி வெளிநாடு போக எடுத்த பயணச்சீட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். காற்றாலைகள் எல்லாம் ஒரு பக்கம் திரும்பி, சோளகக் காற்று மண்ணை அள்ளிக் கடைக்குள் வீசத் தொடங்கிய ஒரு பகலில் போன் வந்தது. அருள்நாயகி அன்ரி சாப்பாட்டோடு வந்து நின்ற நேரம்.

சுவேதினி எழுந்து நின்று கதைத்தாள். "ஓம் சேர். ஓம் சேர்." வைத்தாள்.

"எடுத்திட்டாங்கள்."

அன்ரி சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். "அங்க போனாலும் பறக்க விடுவாங்கள் எண்டு நிச்சயமோ?" என்றார்.

"இல்லையம்மா. அங்கயும் பாடம் இருக்கு, சோதினை இருக்கு. ஒவ்வொண்டும் பாஸ் பண்ணவேணும். ஒண்டு விட்டாலும் வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப ஒண்டையும் விட்டிட்டு வந்து நிக்காதை," என்றார் அன்ரி. சொன்னபிறகு தானே திடுக்கிட்டவர்போல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுவேதினி சாப்பிட இருக்கவில்லை. கழுதைகளை விலத்திக்கொண்டு நேரே பக்கத்துக் கடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணை, நான் தந்த கெமிஸ்ரிக் கொப்பி மிச்சம் இருக்கோ?"

மில்ரன் குனிந்து, ரோல்ஸ் தட்டுக்குக் கீழே இருந்து ஒரு கட்டை இழுத்து எடுத்தார். ஒட்டின பைகள் கொஞ்சம், ஒட்டாத தாள்கள் கொஞ்சம். மேல் தாளில் எண்ணெய் ஊறியிருந்தது.

"கல்சியம் வரைக்கும் சனம் திண்டு முடிச்சிட்டுது பிள்ளை. மிச்சத்தைக் கொண்டு போ."

அவள் அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள்.