பிரென்னாவின் பையிலிருந்த ஃப்யூஸ்

...இல்லை, குடித்திருக்கவில்லை. ராத்திரியும் இல்லை. பிற்பகல் 2.10. நானே என் கண்ணால் பார்த்தது. ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

இடம் யார்க்‌ஷரில் ஹாலிஃபாக்ஸ். நானும் என் அக்கா பிரென்னாவும் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். கிழவர் க்ரவுதர் வீட்டு மாடிக் குளியலறைக்குத் தரை தயார் செய்யப் போயிருந்தோம். மரத்தரை. மரம் ஆடினால் டைல் விரிசல் விடும். அதனால் ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்து, ஆடுவதைத் திருகாணி போட்டு இறுக்கி, அதன்மேல் சிமென்ட் போர்டு பதிக்க வேண்டும்.

பழைய விரிப்பைக் கிழித்தோம். எல்லாம் நூறு வருஷக் கறுப்புப் பலகை. தொட்டி ஓரத்தில் ஒன்று மட்டும் மஞ்சள். நாலு திருகாணி போதும் அதற்கு. பத்தொன்பது இருந்தது.

அப்படியும் ஆடியது.

குதிகாலால் தட்டினேன். டக். டக்.

கீழிருந்து பதில் வந்தது. டக்... டக்.

"டேய் நெட், கிழவர் சமையலறையிலேர்ந்து தட்டுறார்டா. சத்தம் போடாதேங்கிறார்."

"யாரு, நானா?"

க்ரவுதர் எங்கள் பின்னால் நின்றிருந்தார், கையில் தேநீர்க் கோப்பையோடு. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அந்தப் பலகையைத் தொடாதீங்க. அது மேலயே போட்டு மூடுங்க."

"ஆடுற பலகை மேல ஒட்டினா டைல் வெடிக்கும் சார். கழட்டித்தான் ஆகணும். கீழ வயர் போகுது, மெயினை நிறுத்துங்க."

முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். 2.35க்குக் கீழிருந்து குரல் கொடுத்தார்.

"நிறுத்திட்டேன்! தாராளமா கையை விடு!"

பிரென்னா காதைத் தீட்டிக்கொண்டாள். டிவியில் குதிரைப் பந்தய வர்ணனை.

"அப்போ அங்க குதிரை எந்தக் கரண்ட்ல ஓடுது சார்?"

நம்பிக் கையை விட்டிருந்தால் அவள் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளே இறங்கிப்போய் மெயின் ஃப்யூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஃப்யூஸ் நம் பையில் இருந்தால் எவனும் திரும்பப் போட முடியாது; தொழில் பழக்கம். டிவி செத்தது.

"கடைசிச் சுத்துடி, பாவி!"

3.05. பலகையைத் தூக்கித் திருப்பினோம். தரையை மூடுமுன் பலகையின் அடியில் பெயர் எழுதிவைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இதிலும் பென்சிலில் இருந்தது.

வின்ஸ் தோர்ப், எலக்ட்ரீஷியன்.
நிறுத்திட்டேன்னு சொன்னான்.

பிரென்னா வயரைப் பார்க்கப் பொந்துக்குள் கையை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"உள்ள... யாரோ என் கையை வெளிய தள்ளினாங்கடா."

"எலியா இருக்கும்."

"எலிக்கு உள்ளங்கை இருக்குமாடா?"

க்ரவுதர் கத்திக்கொண்டே மேலே வந்தார். எழுத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நீங்கதான் எழுதினீங்க!"

பொந்துக்குள்... டக். டக்.

"உள்ள ஒரு மண்ணும் இல்ல, பாரு!" மண்டியிட்டார். கையை உள்ளே விட்டார்.

கீழே டிவி ஓடத் தொடங்கியது.

குதிரைகள். வர்ணனை. கூட்டத்தின் ஆரவாரம்.

பிரென்னா பையைத் தொட்டாள்.

ஃப்யூஸ் இருந்தது.

பொந்தில் நீல வெளிச்சம்...

கிழவர் கத்தவில்லை.

கையும் வெளியே வரவில்லை.

டிவி நின்றது.

3.17.

மின்சாரம் தாக்கி மரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். சோதிக்க வந்த மின்வாரியக்காரர் வயரை மூன்று முறை அளந்தார். துளி கரண்ட் இல்லை.

ஒரு வாரம் கழித்து வின்ஸ் தோர்ப்பின் மகளைத் தேடிப் போனோம். 1997இல், அதே தொட்டி ஓரத்தில், அதே பொந்தில் கையை விட்டபோதுதான் அவர் செத்திருக்கிறார். அன்றும் டிவியில் பந்தயம். 'மெயினை நிறுத்தச் சொல்லி அவன் கேட்கவே இல்லை' என்று க்ரவுதர் விசாரணையில் சத்தியம் செய்ய, வின்ஸின் கவனக்குறைவு என்றே தீர்ப்பாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் அந்தக் குடும்பம் அந்தப் பழியைச் சுமந்திருக்கிறது.

பலகையின் போட்டோவைக் காட்டினேன். அவள் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பா கையெழுத்துதான். ஆனா இந்தப் பலகை அப்போ அங்க இல்லையே..."

வின்ஸைப் புதைத்து மூன்று வாரம் கழித்து, க்ரவுதரே புதுப்பலகை வாங்கிவந்து தன் கையால் மூடியிருக்கிறார்.

பத்தொன்பது திருகாணி. நாங்கள் கழட்டும்வரை யாரும் அதைத் தொடவில்லை.

அப்படியென்றால் அதன் அடியில் எழுதியது எப்போது? நீங்களே சொல்லுங்கள், என்ன நினைக்கிறீர்கள்?