பத்து நாள் ஊட்டுல வெச்சுக்கங்க

ஒரு நாலு வயதுப் பையன் மேல் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். கொஞ்சநஞ்சமில்லை. தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் எங்கள் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவன் யாரோ எவனோ அல்ல, என் கொழுந்தனார் மகன். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவன்.

எடப்பாடிப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். பகலில் நான் ஓட்டுவேன், இரவில் வீட்டுக்காரர். எதிர்வீட்டில் கொழுந்தனார் குடும்பம். அவர் லாரிக்குப் போகிறவர், அவர் மனைவிக்கு கார்மெண்ட்ஸில் வேலை. அந்த வீட்டில் தறி கிடையாது. அவள் மகனும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். இருவரையும் ஒரே நாளில்தான் பால்வாடியில் சேர்த்தோம்.

ஒரு மாதம் ஆவதற்குள் என் மகள் அடிக்கிறாள் என்று புகார் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பின்னால் போய் முதுகில் பளாரென்று ஒன்று வைக்கிறாளாம். ஒருநாள் அப்படி அடி வாங்கிய குழந்தை முன்னால் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பத்து நாள் ஊட்டுல வெச்சுக்கங்க. கொஞ்சம் அடங்கட்டும், பொறவு பார்க்கலாமுங்க."

அவரையும் குறை சொல்ல முடியாது. முப்பது பிள்ளைகள், ஆயா வேலைக்கு ஆளே போடவில்லை, சமையலும் அவர்தான். ஆனால் எங்கள் வீடு என்றால் தறிக் கொட்டகை. நூலைச் சுமந்துகொண்டு நாடா இருபுறமும் பாய்ந்துகொண்டே இருக்கும். மோட்டார் பெல்ட் குழந்தையின் தோள் உயரத்தில் ஓடும். வேறு வழி தெரியாமல் அவள் இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மதியம் பால்வாடி விட்டதும் அவன் நேராக எங்கள் வாசலுக்கு வருவான். "பெரீம்மா, இன்னிக்கி முட்டை போட்டாங்க!" என்பான். புதிதாகக் கற்ற பாட்டை ஆடிக்கொண்டே பாடிக் காட்டுவான். கட்டிப்போட்ட இடத்திலிருந்து என் மகள் அவன் வாயையே பார்ப்பாள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள் சத்துமாவு பாக்கெட் வாங்கப் பால்வாடிக்குப் போனேன். டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். "உங்க கொழுந்தனார் பையன் தங்கமுங்க. இருக்கிற எடமே தெரியாது" என்றார்.

"எடம் தெரியாமத்தானுங்க கிள்ளுவான். எம்புள்ள கை பூரா அவன் கிள்ளுன தழும்பு" என்று சொல்லிவிட்டேன்.

பொய். எப்போதோ ஒரு பலூனுக்காக ஒரே ஒரு தடவை கிள்ளியிருக்கிறான். ஆனால் அன்று காலைதான் அங்கே ஏதோ ஒரு குழந்தை கையில் நகக்கீறலோடு அழுதிருக்கிறது. சொந்தப் பெரியம்மா சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? டீச்சர் அவனையும் ஐந்து நாள் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது.

மறுநாள் காலை அவன் அம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, லீவு போட்டா சூப்பர்வைசர் கத்துவாருங்க. இவனையும் கொஞ்சம் பார்த்துக்கங்க. யாரோ என்னமோ சொல்லிப்போட்டாங்களாட்டம் இருக்குது. நாலு வயசுப் புள்ளையப் போயி..."

"நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றேன்.

அவனைச் சும்மா விட்டுவிட்டு மகளை மட்டும் கட்டிப்போட மனம் வரவில்லை. இருவரையும் கதவோரம் உட்காரவைத்து, பாவு நூல் அறுந்து நின்ற தறியில் இழை முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவன் கடைசித் தறியின் பெல்ட் பக்கத்தில் நிற்கிறான். விரலை நீட்டிக்கொண்டு, அதைத் தொட்டுப் பார்க்கப் போகிறான். "சாமீ!" என்று அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன். மூன்று தறி ஓடும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் மகள் எழுந்து போய் அவன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். அவன் திரும்பினான். அவள் கையை ஆட்டி 'இங்கே வா' என்றாள். வந்துவிட்டான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது அடி இல்லை. எங்கள் கொட்டகையில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. முதுகில் தட்டுவோம், திரும்பியதும் கையாலும் வாயசைவாலும் பேசுவோம். தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டி வளர்த்த பிள்ளை அவள். பால்வாடியிலும் அவள் எல்லோரையும் விளையாடத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பெற்றவள் எனக்கே அது உறைக்கவில்லை.

தறிகளை நிறுத்திவிட்டு இருவரையும் இழுத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். மகள் முதுகில் தட்டுவது ஏன் என்பதைச் சொன்னேன், பெல்ட்டையும் துப்பட்டாவில் கட்டிவைத்ததையும் சேர்த்து.

"ஊடுன்னா பத்திரமா இருக்கும்னு நெனச்சுட்டனுங்க" என்றார் டீச்சர். "இனி எந்தப் புள்ளையவும் ஊட்டுக்கு அனுப்பறதில்லை. அடிச்சா அன்னிக்கி நீங்க வந்து கூட உக்காருங்க. நானும் அவளுக்குப் பேரு சொல்லிக் கூப்படப் பழக்கறேன்." பிறகு பையனைப் பார்த்தார். "இவன் கிள்ளறதுக்கு என்ன பண்றதுங்க?"

"அவன் கிள்ளலீங்க."

"பொறவு ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"எம்புள்ளையக் கட்டிப்போட்டிருந்தேன். இவன் வந்து பாட்டுப் பாடுனானுங்க."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. நாளைக்கு இரண்டு பேரையும் கூட்டிவரச் சொன்னார், அவ்வளவுதான்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் அவன் அம்மா நேராக என்னிடம் வந்தாள். வழியில் டீச்சரைப் பார்த்திருக்கிறாள். நான் வந்து பேசினேன் என்பதை மட்டும்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

"தறிய நிறுத்திப்போட்டுப் போயி எம்பையனுக்காகப் பேசுனீங்களாமா அக்கா" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "யாரு என்ன சொன்னா என்னங்க, எனக்கு நீங்க இருக்கறீங்க."

ஒரு மனுஷியை இப்படி முழுசாக நம்ப அவளால் முடிகிறதே என்று அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அதுக்கென்ன" என்றேன். உண்மையை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.