கோகிலாவின் ஓவரோல்

போன வெள்ளிக்கிழமை, கண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு ரகசியத்தில் மாட்டிக்கொண்டேன். வடை சாப்பிடப் போனவளுக்கு இது தேவையா?

உள்ளே மூன்று இளசுகள். இரண்டு பேர் நீல ஓவரோலில், கிரீஸ் கறையோடு ஜாலியாக ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது பெண் மட்டும் பளிச்சென்று சுடிதாரில். அட, மஹய்யாவையில் எங்கள் அடுத்த வீட்டுக் கோகிலா! என்னைக் கண்டதும் மடியிலிருந்த பையை அவசரமாக மூடினாள். ஓவரோலின் நீலக் கை மட்டும் வெளியே தொங்கியது.

"அன்ட்டி... அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

வீட்டில் மேனேஜ்மென்ட் டிப்ளோமா என்று சொல்லிவிட்டு மோட்டார் மெக்கானிக் படிக்கிறாளாம். வகுப்பு முடிந்ததும் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவாளாம். கெட்டிக்காரி.

மற்ற இருவரும் அவளோடு படிப்பவர்கள். "உங்க வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையா?" என்று மடவளை ஊர்ப் பையன் ரிஸ்வானிடம் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ற அன்ட்டி? எப்ப சொந்தமா கராஜ் போடப் போறண்டுதான் வாப்பா கேக்குற."

அம்பிட்டியவிலிருந்து வரும் சிங்களப் பிள்ளை ஹன்சிகா, ஓவரோலோடு எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் காட்டினாள். "நான் ஜப்பானுக்கு வேலைக்குப் போறது. ஃபோட்டோ அம்மாதான் எடுத்தது" என்றாள், தெரிந்த தமிழில்.

ஒரே வகுப்பு, ஒரே ஸ்பேனர். அவனுக்கு அது சொந்தக் கடை. இவளுக்கு விமான டிக்கெட். நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் அது ஒளித்துவைக்கிற சாமான்?

ஏனென்று எனக்குத் தெரியும். கோகிலாவின் அம்மா செல்வி வருடக்கணக்காக இந்த நகரத்துத் தெருக்களைக் கூட்டியவள். வேலை யூனிபோர்மோடு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள் — அதையும் பார்த்தவள். "என் புள்ள கையில அழுக்குப் படக்கூடாதுக்கா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்... அதை வறட்டு கௌரவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், பயிற்சிக்கு எடுக்கிற கராஜ்காரர், அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் பெண்பிள்ளையைச் சேர்ப்பாராம். திங்கட்கிழமைக்குள் வர வேண்டுமாம். கோகிலாவுக்கு அப்பா இல்லை.

"நீங்களே அம்மான்னு சொல்லிக்கிட்டு வாங்களேன் அன்ட்டி."

அடிப்பாவி... "அதெல்லாம் முடியாது. வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லு" என்றேன்.

"சொன்னா படிப்பையே நிப்பாட்டிடுவாங்க." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒருத்தியின் சம்மதத்தை இன்னொருத்தி எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு செல்வியின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியே வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த நீல ஓவரோல். நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"சொல்லிட்டாளா?"

"சொன்னா. நல்லாத் திட்டினேன். ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் ஏதோ எஞ்சினப் பத்திப் பேச ஆரம்பிச்சா பாருங்க... எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அந்தப் புள்ள மூஞ்சியில அப்படியொரு சந்தோசத்த நான் பார்த்ததே இல்லக்கா."

"அப்ப நாளைக்கு கராஜுக்குப் போறியா?"

"போகாம? அதுக்குத்தான் வந்தேன். இவ கழுவுன லட்சணத்தப் பாருங்க, பாதிக் கறை அப்படியே கெடக்கு. கிரீஸு எந்த சோப்புக்குப் போகும்? பொம்பளப் புள்ள அழுக்கு உடுப்போட வேலைக்குப் போனா ஊரு என்ன நெனைக்கும்?"

எந்த சோப்பென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வாசகர்கள் எழுதுங்கள் — செல்விக்கு இனி வாராவாரம் வேண்டும்.