மை பார்க்கும் கோதண்டம்

வண்டி நிறைந்ததும் கோதண்டம் சாவியைத் திருப்ப மாட்டார். முதலில் கண்ணாடியைத் திருப்புவார். பின்னால் எதிரெதிராக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மறைந்து மடிகள் தெரிகிற அளவுக்கு அதைக் கீழே சாய்த்துவிட்டு, "எல்லாரும் லெஃப்ட் கைய தூக்குங்க பாக்கலாம்" என்பார். புதிதாக ஏறியவர்கள் ஏதோ போலீஸ் சோதனை என்று பயந்து தூக்குவார்கள். தினமும் ஏறுகிறவர்கள் சிரித்துக்கொண்டே தூக்குவார்கள். ஆள்காட்டி விரலில் ஓட்டுப் போட்ட மை இருந்தால் சரி. இல்லையென்றால், "நீ செல்லுல பாட்டு கேட்டுகினு வா. அரசியல் மட்டும் பேசாத" என்று தீர்ப்பு வந்துவிடும்.

சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஷேர் ஆட்டோக்களில் இவருடைய வண்டிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம். தேர்தல் முடிந்து, நகத்து மை மெல்ல நுனிக்கு ஏறி, நகத்தோடு வெட்டுப்பட்டுப் போகும்வரை சோதனை நடக்கும். அதற்குப் பிறகு ஞாபகத்தை வைத்து நடத்துவார். யார் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்பது மனிதருக்கு மறக்கவே மறக்காது. இதே ஞாபகசக்தி காய்கறி வாங்கி வரச் சொல்லும்போது எங்கே போகிறது என்பது அவர் மனைவி கிளியம்மாளின் நெடுநாள் மனக்குறை.

உனக்கு யார் இந்த அதிகாரம் கொடுத்தது என்று எவராவது மல்லுக்கு நின்றால், கோதண்டம் தன் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். அதில் ஆள்காட்டி விரல் இல்லை. மை நடுவிரலில் இருக்கும். கேட்டவர் அதோடு அடங்கிவிடுவார்.

ஆட்டோ ஓட்ட வருவதற்கு முன் ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஓட்டியவர் அவர். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், மிஷின் இறங்கி அடிக்கும். ஒருநாள் கையை எடுப்பதற்குள் இறங்கிவிட்டது. கட்டுப் பிரிக்காத கையோடுதான் அந்த வருடத் தேர்தலுக்குப் போனார். மை வைக்கிற அம்மாள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி எதில் வைப்பது என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தார். கோதண்டம் கட்டுக்கு வெளியே தெரிந்த நடுவிரலை நீட்டினார். வெளியே வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்று அவரே சொல்வார். "வெரலு போச்சி. ஓட்டு போவல. அத்தினி வலியிலயும் நான் போயி நின்னேன். நல்லா கீற கைய வெச்சிகினு இவன் லீவு வுட்டாங்கன்னு மாமல்லபுரம் போவான், அப்பால வந்து நாடு கெட்டுப்போச்சின்னு என் வண்டியில குந்திகினு பேசுவானா?"

இதில் குற்றம் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. நானும் முயன்று பார்த்து விட்டுவிட்டேன்.

மற்றபடி தங்கமான மனிதர். கிளட்சை மூன்று விரலால் பிடித்து ஓட்டுகிற வண்டி குலுங்காமல் போகும். கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்ணுக்கு ஓர இருக்கை தந்தால்தான் வண்டி நகரும். கட்சிக் கொடி கட்ட மாட்டார், கட்சிப் பாட்டுப் போட மாட்டார். தன் ஓட்டு யாருக்கு என்பதைக் கிளியம்மாளிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அந்த அம்மாளும் தன்னுடையதைச் சொன்னதில்லை. கணக்குச் சரியாகப் போய்விட்டது.

வீட்டுக்குப் பின்னால் வரிசையாகச் சில அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றில் இருக்கிறவள் செல்லக்கனி. சாத்தான்குளத்துப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ரேஷன் கடை வரிசையிலிருந்து டெல்லிவரை எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பாள், கேட்காமலே தருவாள். கிளியம்மாளுக்கு அவள் பேச்சென்றால் கொள்ளை ஆசை.

ஆனால் அவள் விரலில் மை கிடையாது. ஓட்டு ஊரில் இருக்கிறது. ஓட்டுப் போடும் அன்றைக்குக் கம்பெனியில் லீவு விடுவார்கள், அந்த ஒரு நாளில் சாத்தான்குளம் போய்த் திரும்ப முடியாது. மறுநாள் ஆப்சென்ட் ஆனால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று போன வருடம் அவள் கோதண்டத்திடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஆதார்ல இந்த வீட்டு அட்ரஸ மாத்தணுமாம். ஓனர் கையெழுத்து கேக்காவ. ஒண்ணு போட்டுத் தாங்களேன்."

"அதெல்லாம் வேணாம்மா. நீ இன்னிக்கி இங்க கீற, நாளைக்கி எங்க கீறியோ" என்று அவர் நழுவிவிட்டார்.

உண்மை வேறு. அந்தத் தெருவில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். தெற்கத்திக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் சொந்தக்காரர்களைவிட அதிகமாகக் குடியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் இங்கே ஓட்டு வந்துவிட்டால், உள்ளாட்சித் தேர்தலில் ஊர்க்காரன் நிலைமை என்ன ஆவது? அதனால் வாடகை வாங்கலாம், கையெழுத்து மட்டும் போடக் கூடாது. கோதண்டமும் அதற்குத் தலையாட்டியிருந்தார். தான் ஒரு கையால் மை கேட்டு இன்னொரு கையால் மைக்கு வழியை அடைக்கிறோம் என்பது பாவம், அவருக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் ஒரு காலை. வண்டி நிறைந்திருந்தது. செல்லக்கனி ஒரு பக்கம். அவளுக்கு எதிரே ஏகாம்பரநாதன். அவள் கம்பெனியிலேயே சூப்பர்வைசர், செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்து இந்த வண்டி பிடிக்கிறவர். விரலில் மை பளிச்சென்று இருக்கும், பேச்சும் அப்படியே. அன்றைக்கு ஆட்சியைப் பற்றி அவர் பேசிக்கொண்டே வர, செல்லக்கனி குறுக்கிட்டாள்.

"சட்டமெல்லாம் நல்லாத்தான் போடுதாவ சார். கம்பெனிக்குள்ள வந்து யாரு பாக்கா? எங்க பிரஸ்ஸுல கை உள்ள போனா மிஷின நிப்பாட்டுத சென்சார..."

ஏகாம்பரநாதன் சட்டென்று சிரித்தார். "கோதண்டம், உங்க வண்டி ரூல் இன்னா ஆச்சி? மை இல்லாதவங்க கவர்மென்ட்டப் பத்திப் பேசுறாங்களே."

கோதண்டம் கண்ணாடியைப் பார்த்தார். செல்லக்கனியின் இடது கை மடியில் இருந்தது. "யம்மா, ரூலு ரூலுதான். மை இல்லன்னா பேசக் கூடாது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். செல்லக்கனி கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வண்டியில் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டிலும் கிளியம்மாளோடு முன்போல வந்து உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோதண்டம் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கிளியம்மாள் வந்து படியில் நின்றாள்.

"அந்தப் பொண்ண நாளையிலேர்ந்து பிரஸ்ஸுக்கு மாத்திட்டாங்களாம். இப்பதான் போயி கேட்டுகினு வரேன். தெரியுமா உனுக்கு?"

கோதண்டத்தின் கையிலிருந்த துணி நின்றது.

"அந்த மிஷின்ல சென்சார ஆஃப் பண்ணி வெச்சிகிறாங்களாம். அது இருந்தா அடிக்கடி நின்னு நின்னு போவுதாம், கணக்கு கொறையுதாம். அதத்தான் அன்னிக்கி உன் வண்டியில சொல்ல வந்தாளாம். ஆஃப் பண்ண சொன்ன சூப்பர்வைசரே எதுர்ல குந்திகினு சிரிச்சானாம். நீ இன்னா சொன்ன? மை இல்லன்னா பேசக் கூடாதுன்னியாம்."

"அவ அரசியல் பேசுறான்னு நென்ச்சிகினேன்."

"எது அரசியல் இல்ல? உன் வெரலு போச்சே, அது இன்னாது?"

கிளியம்மாள் விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அன்னிக்கி உன் கூட வேல செஞ்சவனெல்லாம் நம்ம ஊர்க்காரன்தானே? எல்லாம் ஓட்டு போட்டவன்தானே? மிஷினு சரியில்லன்னு அத்தினி பேருக்கும் தெரியும். உனுக்கும் தெரியும். மை வெச்ச வெரல வெச்சிகினு எவன் வாயத் தொறந்தான்? இந்தப் பொண்ணு தொறந்தா. அவளுக்கு மை வராம பண்ணதும் நீதான், வாய மூட சொன்னதும் நீதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோதண்டம் வாளித் தண்ணீரில் கையை விட்டபடி வெகுநேரம் குந்தியிருந்தார். இல்லாத விரலில் அவருக்கு அவ்வப்போது வலி வரும். அன்றைக்கும் வந்தது. வெட்கமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்தன. அந்த மிஷின் இறங்குகிற சத்தம் அவருக்குத் தெரியும். அதன் கீழே ஒரு பெண்ணின் கை இருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை. செங்கல்பட்டு ரயில் வந்துபோனதும் வண்டி நிறைந்தது. ஏகாம்பரநாதன் வழக்கமான இடத்தில். செல்லக்கனி கடைசியாக ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். டிபன் டப்பா பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

கோதண்டம் கண்ணாடியில் கை வைத்தார். பழக்க தோஷத்தில் எல்லாரும் இடது கையைத் தூக்கிவிட்டார்கள், செல்லக்கனியைத் தவிர.

"கைய எறக்குங்க" என்றார் கோதண்டம். கண்ணாடியை மேலே திருப்பினார். மடிகள் மறைந்து முகங்கள் தெரிந்தன. அவர் ஒரு முகத்தை மட்டும் பார்த்தார்.

"அந்த சென்சார் விசயம் இன்னாம்மா? அன்னிக்கி பாதியில வுட்டியே."

செல்லக்கனி எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். "எனக்குத்தான் மை இல்லியே, அண்ணாச்சி."

"மை இல்லாததுக்கு நான்தாம்மா காரணம். சாயங்காலம் வா, கையெழுத்து போட்டுத் தரேன். இப்ப நீ சொல்லு. இந்த வண்டியில உங்க கம்பெனி ஆளுங்க நாலு பேரு கீறாங்க. அல்லாருக்கும் கேக்குற மாரி சொல்லு."

"கோதண்டம், ஷிஃப்ட்டுக்கு டைம் ஆவுது. வண்டிய எடுங்க" என்றார் ஏகாம்பரநாதன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். வண்டிக்குள் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோதண்டம் எந்த அவசரமும் இல்லாமல் சாவியை உருவினார். இறங்கிப் பின்பக்கம் வந்தார். செல்லக்கனியின் இடது கையைப் பிரித்து, அதில் வண்டிச் சாவியை வைத்து, தன் நாலு விரலால் அதை மூடினார்.

"பேசி முடிச்சிட்டு குடும்மா" என்றார்.