இத்தாலி ஷூ காட்டிய கப்பல் ஏஜென்ட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். சொகுசுக் கப்பலில் வேலை, முன் அனுபவம் தேவையில்லை என்ற விளம்பரத்தைப் பார்த்து வேலூரில் ஓர் ஏஜென்டிடம் போனேன். என்ன வேலை என்று கேட்டால், "எல்லாம் கத்துக்குடுப்பாங்கக்கா" என்றான். எந்தக் கப்பல் என்றால், "பெரிய கப்பல்க்கா" என்றான். சந்தேகம் வந்தது. ஆனாலும் கேட்டவுடன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கம்பெனியில் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துப் பழகிய புத்தி.

என்னை நம்ப வைக்க ஒரு ஜோடி கறுப்பு ஷூவை மேசையில் வைத்தான்.

"கப்பல்ல குடுக்கிற ஷூ. இத்தாலிலேர்ந்து வந்தது."

ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளிப் பேனாவில் பெருக்கல் குறி, பக்கத்தில் என் செக்கிங் எண். பழுதான ஷூவை நான் அப்படித்தான் கழிப்பேன். அதெல்லாம் ஆம்பூர் கடைகளில் மலிவாக விற்கும்.

"இன்னா தம்பி, நான் கழிச்சுப் போட்டது எப்போ இத்தாலிக்குப் போச்சு?"

"உட்காருங்கக்கா, பேசலாம்."

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. பாஸ்போர்ட்ட எடு. இல்லன்னா வெளிய இருக்கிறவங்கள கூப்பிட்டுக் காட்டுவேன்."

டிராயரைத் திறந்தான். உள்ளே கத்தை கத்தையாகப் பாஸ்போர்ட்டுகள். என்னுடையதைத் தேட அவனுக்கே நேரம் பிடித்தது. கைக்கு வந்ததும் வெளியே காத்திருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து என்னோடு வந்தார்கள். மற்றவர்கள் பிழைப்பைக் கெடுக்க வந்தவளைப் போல என்னை முறைத்தார்கள்.

இப்போதெல்லாம் வேலைக்கென்று யார் பாஸ்போர்ட் கேட்டாலும் ஜெராக்ஸ்தான். கப்பல் பெயரையும் ஏஜென்டின் லைசென்ஸ் எண்ணையும் முதலில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். இதுவரை ஒருவனும் எழுதிக் கொடுக்கவில்லை.