குள்ளம்மாளின் சாம்பிள் பால்

“பால் ஊற்றும் உறுப்பினர்களை அளவில் ஏமாற்றி, பாலை அபகரிக்கும் வழக்கமுள்ள தற்காலிகப் பணியாளர்” என்று குள்ளம்மாளை வர்ணிக்கிறது அவளை வேலையை விட்டு நீக்கிய உத்தரவு. அதில் மறுக்க முடியாத சொல் ‘தற்காலிக’ ஒன்றுதான். பொருந்தாத வர்ணனை அவளுக்குப் புதிதல்ல. பெயர் குள்ளம்மாள், சங்கத்து நிலைவாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி இடிக்கும்.

நல்லம்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பால் சங்கத்தில் அவளுக்குப் பாலைச் சோதிக்கிற வேலை. அங்கே வருகிற பாலில் முதலில் ஒரு கரண்டி சாம்பிள் எடுத்துத் தரம் பார்ப்பார்கள். மீதியைத்தான் அளந்து, எழுதி, கேனில் கொட்டுவார்கள். எல்லாருடைய சாம்பிளும் ஒரு போசியில் சேரும். அந்தப் பால் யாருக்கு என்று விதி ஏதாவது இருக்கலாம், பார்த்தவர் இல்லை. சோதிக்கிறவர் வூட்டுக்குப் போகும், அவ்வளவுதான். செயலாளர் மாரப்பன் முன்பு அந்த வேலையில் இருந்தபோது அவர் பிள்ளைகள் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். நன்றாகவே வளர்ந்தார்கள்.

குள்ளம்மாள் சர்ச்சில் ஞாயிறு பள்ளி எடுப்பவள். களவு கூடாது என்ற கட்டளைக்கு அவள் கொள்ளைக்காரர்களை உதாரணம் சொல்வதில்லை. பக்கத்துக் காட்டுத் தக்காளி, பஸ்ஸில் எடுக்காத டிக்கெட், கரண்டுக் கம்பியில் மாட்டுகிற கொக்கி, இவைதான் அவள் பாடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பன்மாரைக் கேள்வி கேட்பதால் பாடத்துக்கு ஊரில் அவ்வளவு மதிப்பில்லை. போசிப் பாலில் எந்தத் துளி யாருடையது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எல்லார் பாலும் போகிற இடத்துக்கே அதுவும் போகட்டும் என்று கேனில் திரும்ப ஊற்றிவிடுவாள்.

வீட்டில் பால் வழிந்தோடியது என்றில்லை. கணவன் நஞ்சப்பன் கல் உடைக்கும் கிரஷரில் பல வருஷம் தூசியைத் தின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு படுத்திருந்தான். அவன் வைத்தியத்துக்கு மாட்டை விற்றாயிற்று. காலைக்கு மட்டும் ஒரு டம்ளர் பால் காசுக்கு வாங்குவாள். சாயங்காலம் கட்டங்காப்பி.

“ஊரே உங்கிட்ட பால் ஊத்துது, நீ எனக்குக் கட்டங்காப்பி ஊத்தற” என்பான். “அந்தச் சாம்பிளக் கேட்டா இல்லீம்பாங்களா புள்ள?”

“அளக்கற எடத்துல இருக்கறவ கேட்டா யாருங்க இல்லீம்பாங்க? அதனாலதான் கேக்கறதில்ல.”

கிறிஸ்துமஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வருகிற நஞ்சப்பன் இருமல் வரும்வரை சிரிப்பான். ஊரில் ஒரு யோக்கியஸ்தி இருந்தால் அது தன் வூட்டிலா இருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொள்வான். அந்த அலுப்பில் பெருமை இருந்தது அவளுக்குத் தெரியும். வேறு எவர் சொல்லும் அவளுக்கு அந்த அளவு வேண்டியிருக்கவில்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி திடீரென்று வந்து கேன்களை அளந்தார். எழுதியதைவிடப் பால் அதிகம் இருந்தது. குறைந்திருந்தால் தண்டம் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்; அதிகமிருந்தது அவரைக் கலவரப்படுத்தியது. உறுப்பினர்களுக்குக் குறைத்து அளந்து, மிஞ்சியதைப் பிறகு எடுத்துப்போகத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டினார். சாம்பிள் கணக்கில் ஏறாத பால் என்பதும், அதைத் திரும்ப ஊற்றினால் கேன் கனக்கும் என்பதும் அதுவரை குள்ளம்மாளுக்கு உறைத்ததே இல்லை. அவள் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. சாம்பிளைத் திரும்ப ஊற்றுகிற ஆளை அவர் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை.

மாரப்பனுக்குத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. அதிகாரியின் ஜீப் போன பிறகு அவள் பக்கம் வந்து நின்றார்.

“நான் சொல்லியிருந்தா, இத்தன வருசமா அந்தப் பாலு எங்க போச்சுன்னு கேப்பாங்கக்கா.”

அவள் நிரபராதி என்றால் மற்றவர்கள் திருடர்கள் என்றாகும். ஊருக்கு எது சௌகரியமோ அது நடந்தது. போதகர், நல்ல மனுஷர், கொஞ்ச நாள் ஞாயிறு பள்ளியை வேறொருவர் எடுக்கட்டுமே என்றார்.

அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். உத்தரவு வந்த அன்று சாயங்காலம் கட்டங்காப்பியோடு நஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் டம்ளரை வாங்கவில்லை.

“திருடுனதுதான் திருடுன. எனக்கொரு வாய் குடுத்திருக்கலாமில்ல?”

அவள் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள். முழுக்கக் கேட்டான். பிறகு அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

“விடு புள்ள. நான் ஒண்ணும் நெனச்சுக்கல.”

மன்னித்துவிட்டான். செய்யாத களவுக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவன் சாம்பிள் பாலைப் பற்றிப் பேசவே இல்லை. வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்வதும் நின்றுபோயிற்று.

மழைக்காலம் முடிவதற்குள் நஞ்சப்பனுக்கு மூச்சு அடங்கத் தொடங்கியது. சாகக் கிடக்கிறவன் வாயில் பால் ஊற்றுவது ஊர் வழக்கம். அதற்கு மதம் பார்ப்பதில்லை. அன்று வீடு வீடாகச் சொம்பில் பால் வந்தது. மாரப்பனும் கொண்டுவந்தார். யாரும் காசு கேட்கவில்லை. குள்ளம்மாள் கரண்டியில் எடுத்து ஊற்றினாள். உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வழிந்து தலையணை நனைந்தது.

உத்தரவு இன்னும் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. குள்ளம்மாள் செய்தது இதுதான்: சோதித்து முடித்த பாலைக் கேனில் திரும்ப ஊற்றினாள்.