கடல் வருகிறது என்றபோது

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடல் வருகிறது என்று தெருவில் எல்லோரும் கத்திக்கொண்டு ஓடிய அன்று, எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறேன். யாரிடமும் போய்க் கதைக்கக் கூச்சம். ஒருவருக்கும் தெரியாமல் தனியே செத்துக் கிடப்பேனோ என்று பயம். உலகமே அழிந்தால் எல்லோரோடும் சேர்ந்து போய்விடலாமே என்று இரகசியமாக நினைப்பேன். அதனால் ஓடாமல் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உவர்மலைச் சந்திவரை ஓடிவிட்ட பக்கத்து வீட்டு சுபைதா, கூட்டத்தில் என்னைக் காணாமல் திரும்பி வந்தாள்.

“என்னக்கா, படம் பார்க்க வந்த மாதிரி இருக்கீங்க? எழும்புங்க!”

“எனக்கு ஏலாது. நீ ஓடு பிள்ளை.”

“அப்ப நானும் போகல்ல.”

என் காலடியில் குந்திவிட்டாள். பயத்தில் தெருப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் எழும்பவில்லை. உலகமே அழியட்டும் என்றிருந்த எனக்கு, அந்த ஒருத்தி சாவதைத் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

உவர்மலையில் ஏறி நின்றபோதுதான் அது வெறும் வதந்தி என்று தெரிந்தது. மூச்சு வாங்க, என் மனதில் இருந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஒரு துணைக்காகவா உலகத்தை அழிக்கப் பார்த்தீங்க? பின்னேரம் எங்கட வீட்டுக்கு வாங்க அக்கா.”

போனேன். எனக்குத் தேவைப்பட்டது உலகத்தின் முடிவு அல்ல. இத்தனை காலமும் மதிலுக்கு அப்பால் இருந்த அந்த நல்ல மனுசிதான்.